எண்ணெய் படிந்த கையெழுத்து

அத்தியாயம் 17

அன்று காலை பத்து மணிக்கு ருசி அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். மேஜையின் தலைப்பக்கம் பெரியவர். அவருக்கு வலப்பக்கம் அவருடைய ஒரே மகன், தொழிற்சாலையில் எல்லாரும் சின்னவர் என்று கூப்பிடும் நிர்வாக இயக்குநர். எதிரே பரிசோதனைக்கூடத்து அம்மாள், வெள்ளைக் கோட்டும் தலைக்கு வலையுமாக. கதவோரம் ஃபோர்மேன், எண்ணெய்ச் சூட்டைத் தவிர வேறு எதையும் பேசாததால் அவருக்கு டிகிரி என்றே பெயர் நின்றுவிட்டது. ஐந்தாவது ஆள் வெளியிலிருந்து வந்தவர்: கம்பெனியை வாங்கப்போகிறவர்களின் வக்கீல் அம்மா.

ஆறாவதாக ஒருவரும் இல்லை. அந்த அறையில் தாமும் இருந்ததாகப் பின்னால் சொல்லிக்கொண்டவர்கள் பலர். அவர்களில் யாரும் இல்லை.

கம்பெனி கைமாறப் போகிறது என்பது தெரிந்த சங்கதிதான். சினிமா தியேட்டருக்குப் பின்னால், தகரக் கொட்டகையில், பெரியவரின் அப்பா ஒற்றை வாணலியை வைத்துத் தொடங்கிய உருளைக்கிழங்கு சிப்ஸ் வியாபாரம் அது. இன்று நாலு லைன், இரண்டாயிரம் ஆட்கள். கடையில் போய் ‘மஞ்சள் பாக்கெட்’ என்றால் கடைக்காரர் மேலே ஒன்றும் கேட்காமல் எடுத்துக் கொடுப்பார். கடல் கடந்து ஒரு பெரிய கம்பெனி அதை விலைக்குக் கேட்டது. சென்ற வாரம் பெரியவர் சரி என்று தலையை ஆட்டியதோடு விட்டோம். ஆட்டிய நாளிலிருந்து அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்பதை அப்போது சொல்லவில்லை.

ருசி பார்ப்பது அப்பா வைத்த சட்டம். அன்றைய முதல் சரக்கு லாரியில் ஏறுவதற்கு முன் வீட்டு ஆட்கள் தின்று பார்க்க வேண்டும். ஒரு லைனுக்கு ஒரு தட்டு, ஒரு தட்டுக்கு ஒரு தாள். தின்ற கையைத் துடைக்கக் கூடாது. அந்தக் கையாலேயே தாளின் அடியில் கையெழுத்துப் போட்டு, பக்கத்தில் பெருவிரலை அழுத்த வேண்டும். எண்ணெய் விரல் அளவோடு நின்றால் சரக்கு போகலாம். அதைத் தாண்டிப் பரவினால் சரியாக வடியவில்லை என்று அர்த்தம், லைனை நிறுத்து. இதை அளக்கப் பரிசோதனைக்கூடத்தில் ஒரு கருவி வந்து இருபது வருஷம் ஆகிறது. ஆனாலும் அந்த வீட்டில் விரல் வைப்பது நின்றபாடில்லை.

வக்கீல் அம்மாவுக்கும் ஒரு தட்டு வைத்தார்கள். இரண்டு சிப்ஸைத் தின்றுவிட்டு அவர் கைப்பையிலிருந்து டிஷ்யூ எடுக்கப் போனார். டிகிரி பலமாக இருமினார்.

“துடைக்கக் கூடாதும்மா. அப்படியே விரலை வைங்க.”

“இந்தக் கையோடயா?”

“அந்தக் கையோடதான். நூத்தி எழுபத்தஞ்சு டிகிரில எடுத்தது. பயப்படாம வைங்க.”

அவர் சிரித்துக்கொண்டே விரலை வைத்தார். தாளில் எண்ணெய் வட்டமாக ஊறியது. அதைப் பார்த்தவர், சிரிப்பு நிற்காமலே, “ஓ! அப்போ இதுதானா அது?” என்றார்.

“எது?” என்றார் சின்னவர்.

“நேத்து உங்க பழைய பத்திரங்களைப் பார்த்துக்கிட்டிருந்தேன் சார். முப்பத்தெட்டு வருஷத்துக்கு முந்தின பங்கு மாற்றுப் பத்திரம் ஒண்ணு. கையெழுத்துக்குப் பக்கத்துல ரேகை மாதிரி ஒரு கறை. மை இல்ல. என்னடா இதுன்னு யோசிச்சேன். இதே மாதிரிதான் இருந்தது.” அவர் பெரியவரைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்தார். “பங்குப் பத்திரத்துக்குக்கூட இந்த மேஜையிலதான் கையெழுத்தா சார்? இப்படி ஒரு குடும்பத்தை நான் பார்த்ததே இல்ல.”

பரிசோதனைக்கூடத்து அம்மாள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“யாரோட கையெழுத்து?” என்று சின்னவர் கேட்டார். கேட்டது வக்கீலை, பார்த்தது அப்பாவை.

“உங்க அத்தையோடது.”

“அந்த அம்மா விரல் வெச்சா லைனே நடுங்கும்,” என்றார் டிகிரி, தன்னை மறந்து. “மாசத்துக்கு நாலு தடவை நிறுத்துவாங்க.” பிறகு நினைவு வந்தவராகக் கதவைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

வக்கீல் அம்மாவுக்கு அறையில் நடப்பது ஒன்றும் பிடிபடவில்லை. பத்திரம் ஒழுங்காகத்தான் இருக்கிறது என்றார். ஆனால் பெரியவர் பேருக்குக் கைமாறியிருப்பது மூன்றில் ஒரு பங்கு. கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார். ‘தெரிந்து, சம்மதித்துத்தான் கொடுத்தேன்’ என்று ஒரு கடிதத்தில் அவருடைய கையெழுத்து வேண்டும். கடிதத்தைக் கையோடு கொண்டுவந்திருந்தார். அதைப் பெரியவர் முன்னால் வைத்தார். தட்டுக்குப் பக்கத்தில் எண்ணெய் படாமல் பார்த்து வைத்தார்.

* * *

வக்கீலை அனுப்பிவிட்டு மகன் அப்பாவின் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினார். அந்தக் குடும்பத்தில் குரலை உயர்த்திப் பேசுகிற வழக்கம் இல்லை. அன்றும் உயரவில்லை.

“அப்பா, தட்டு இருந்தாத்தானே விரல் வெப்போம்? அத்தை பங்குப் பத்திரத்துல ஏன் வெச்சாங்க?”

“பழக்கம்.”

“பழக்கம் சரி. கையில என்ன தாள் இருக்குன்னு தெரிஞ்சா அந்தப் பழக்கம் வருமா?”

பெரியவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். கீழே லாரியில் மஞ்சள் அட்டைப்பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

“மாமாதான் அத்தையை ஏமாத்தி அவங்க பங்கை உங்க பேருக்கு எழுதிக் குடுத்துட்டார்னு சின்ன வயசுலேர்ந்து கேட்டிருக்கேன். நீங்க சொன்னதுதானே?”

“நான் சொல்லல.”

“பின்னே யாரு சொன்னா?”

“யாரும் சொல்லல. எல்லாரும் நினைச்சுக்கிட்டாங்க.”

“நீங்க ‘இல்லை’ன்னு சொல்லல.”

மகன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு வியாபாரக்காரராக மாறிப் பேசினார். “என்ன நடந்துச்சுன்னு எனக்குத் தெரிய வேண்டாம்பா. தெரிஞ்சா என்னால மேஜையில உக்கார முடியாது. வெள்ளிக்கிழமைக்குள்ள அந்தக் கையெழுத்து வேணும். இல்லேன்னா அவங்க எழுந்து போயிடுவாங்க. நான் போய் அத்தைகிட்ட வாங்கிட்டு வரேன்.”

“வேண்டாம். நான் போறேன்.”

“தனியாவா?”

“தனியாத்தான்.”

பெரியவர் திருடர் அல்ல. பிறர் பொருளுக்கு ஆசைப்பட்ட ஆளும் அல்ல. அவரை அறிந்தவர்கள் இன்றும் அதையே சொல்வார்கள். முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன் அவருக்கு வந்தது பயம். தங்கையின் கணவர் மெக்கானிக். வாணலிகளைத் தூக்கிப் போட்டுவிட்டு, உருளை உள்ளே போனால் சிப்ஸாக வெளியே வருகிற நீளமான எண்ணெய்த் தொட்டியைத் தன் கையால் அடித்துச் சேர்த்தவர் அவர்தான். எதிர்க் கம்பெனிக்காரன் அவரைக் கூப்பிட்டான் என்று காதில் விழுந்தது. மாப்பிள்ளை போனால் தங்கையும் போவாள், தங்கையோடு மூன்றில் ஒரு பங்கும் எதிரியின் வீட்டுக்குப் போகும். அப்பா கண்ணை மூடி ஆறு மாதம்கூட ஆகவில்லை.

ருசி மேஜையில் தாள்களை ஓர் அட்டையில் கவ்வி வைத்திருப்பார்கள். அட்டையைப் பிடிப்பவர் மேல் தாளை மடித்துப் பிடித்து, அடுத்த தாளின் அடிப்பகுதியை மட்டும் நீட்டுவார். தின்பவர்கள் மேலே படிப்பதில்லை. கவனமெல்லாம் நாக்கில்தான் இருக்கும். அன்று அட்டையைப் பிடித்தவர் பெரியவர். அப்போதே ஓடிய நாலு லைனுக்கு நாலு தாள் இருக்க வேண்டிய இடத்தில் ஐந்து இருந்தன. தங்கை ஐந்திலும் கையெழுத்துப் போட்டாள். ஐந்திலும் விரல் வைத்தாள். பிற்பாடு பத்திரத்தைப் பதிந்த குமாஸ்தா, ரேகையும் வாங்கியிருக்கிறார்களே, எவ்வளவு ஜாக்கிரதை என்று மெச்சினான்.

பயம் தீர்ந்ததும் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தார். இரண்டு வருஷம் கழித்துப் பங்குதாரர் கூட்டத்தில் தன் பெயர் படிக்கப்படாததைக் கண்டு தங்கை அவரிடம் வந்து கேட்டாள். அப்போது அவர் வாயிலிருந்து வந்தது ஒரே வாக்கியம்.

“உன் வீட்டுக்காரரைக் கேள்.”

அது பொய்யா என்று இத்தனை வருஷமும் அவர் தனக்குள் வாதாடிப் பார்த்திருக்கிறார். சொல்லளவில் அதில் பொய் ஒன்றும் இல்லை. அந்த வாதம் ஒரு நாளும் ஜெயித்ததில்லை.

அலமாரியைத் திறந்து அசல் பத்திரத்தை ஓர் உறையில் போட்டுக்கொண்டார். வக்கீலின் கடிதத்தை இன்னோர் உறையில் போட்டுக்கொண்டார். எதை எடுத்துக் கொடுக்கப் போகிறோம் என்று வண்டியில் ஏறும்போதும் அவருக்கே தெரியாது.

* * *

தங்கையின் தையல் கடை கடைத்தெருவின் இரண்டாவது திருப்பத்தில் இருக்கிறது. பள்ளிக்கூடச் சீருடையும் ஆஸ்பத்திரிச் சீருடையும் தைக்கிற கடை. கம்பெனியை விட்டு விலகின வருஷம் தொடங்கியது. அறுபத்தேழு வயதிலும் கழுத்தில் அளவு நாடா, காதோரம் சாக்குக்கட்டி. ஒரு நர்ஸ் கையை நீட்டிக்கொண்டு நிற்க, இவள் வாயில் குண்டூசியோடு கைப்பகுதியைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அண்ணன் படியேறியதைப் பார்த்தும் ஊசியை எடுக்காமலே பேசினாள்.

“அட, மஞ்சள் பாக்கெட்டே நடந்து வருது. சட்டைக்கு அளவு குடுக்கவா?”

“சும்மா வந்தேன் பாப்பா.”

“சும்மா வந்து பதினோரு வருஷமாச்சு. எங்க வீட்டுக்காரர் கண்ணை மூடின அன்னிக்கு வந்தது.” நர்ஸின் கையைத் தட்டிவிட்டாள். “வியாழக்கிழமை வாம்மா. ரெண்டு கையும் ஒரே நீளமா இருக்கும், நம்பு.”

நர்ஸ் போனாள். தங்கை ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள். துணிச்சுருளை ஓரமாகத் தள்ளிவிட்டு, மெஷினில் இருந்த பாதிச் சட்டையை முடித்துவிடுகிறேன் என்று ஓட்டினாள். மோட்டார் சத்தமில்லாமல் ஓடியது.

“நல்லா ஓடுதே,” என்றார், ஏதாவது பேச வேண்டும் என்பதற்காக.

“அவர் மாட்டிக் குடுத்தது. ஒரு நாள் நின்னதில்ல. அந்த மனுஷனை நம்ப முடியல, அவர் மாட்டின மோட்டாரை நம்பலாம்.”

சட்டைப்பையில் இரண்டு உறைகளும் ஒன்றோடொன்று உரசின. கை போனது வக்கீலின் கடிதத்துக்குத்தான். அதை மறைப்பதற்கில்லை. எழுபத்தைந்து வயது வரை நிமிர்ந்த முதுகோடு நடந்த மனிதர், அந்த நேரத்தில் சுலபமான உறையைத்தான் எடுத்தார்.

அவள் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள். படித்துவிட்டுச் சிரித்தாள்.

“‘தெரிந்தும் சம்மதித்தும்.’ எனக்குத் தெரியவும் இல்ல, நான் சம்மதிக்கவும் இல்ல. ஆனா அதுக்கு நீ என்ன பண்ணுவே. மெஷின் வந்துச்சு, ஸ்க்ரூ வந்துச்சுன்னு தினம் ஒரு தாள்ல கையெழுத்து வாங்குவாரு. அதுல ஒண்ணா வெச்சு வாங்கியிருக்காரு. இத்தனை வருஷம் யோசிச்சுக் கண்டுபிடிச்சது இதான்.” சாக்குக்கட்டியை வைத்துவிட்டுப் பேனாவைத் தேடினாள். “குடு, போட்டுத் தரேன். கம்பெனியை விக்கறியாமே. உன் பையனாவது நிம்மதியா இருக்கட்டும். அந்த மனுஷன் செஞ்ச காரியத்துக்கு நான்தான் கடைசிவரைக்கும் கையெழுத்துப் போடணும்னு இருக்கு.”

பேனா தாளில் பட்டது.

“போடாதே பாப்பா.”

“ஏன்?”

“அவர் வாங்கல. நான் வாங்கினேன்.”

அவளுக்குப் புரியவில்லை. பெரியவர் இரண்டாவது உறையைப் பிரித்து வெட்டுமேஜையில் வைத்தார். பழுத்துப்போன தாள். அடியில் அவளுடைய கையெழுத்து. பக்கத்தில் விரலளவுக்கு மஞ்சளாக ஒரு கறை. அதன் ஓரத்தில் குறுக்காக ஒரு வெள்ளைக் கோடு. சின்ன வயதில் கிழங்கு சீவும்போது சீவுகட்டை வெட்டிய தழும்பு அவளுடைய பெருவிரலில் அதே இடத்தில் இருக்கிறது. அவள் தாளையும் பார்த்தாள், விரலையும் பார்த்தாள்.

அதன் பிறகு விளக்கிச் சொல்ல வேண்டியது அதிகம் இல்லை. ஆனாலும் அவர் சொன்னார். அட்டை, ஐந்தாவது தாள், எதிர்க் கம்பெனி, பயம். ஒன்றையும் குறைக்கவில்லை.

“பத்திரமா வெச்சிருந்து திருப்பிக் குடுக்கணும்னுதான் நினைச்சேன்.”

“ரொம்பப் பத்திரமாத்தான் வெச்சிருக்கே,” என்றாள்.

பிறகு, “அவர் அங்க போகவே இல்லையே அண்ணா,” என்றாள்.

“போகல.”

“அவங்க கூப்பிட்டதை எங்கிட்ட சொல்லிச் சிரிச்சாரு. ‘உங்கண்ணனைத் தனியா விட்டுட்டு நான் எங்க போறது, அவருக்கு ஒரு போல்ட் முடுக்கத் தெரியாது’ன்னாரு.”

பெரியவர் தலையைக் குனிந்துகொண்டார்.

“நீ அவரைக் கேளுன்னே. கேட்டேன். தெரியாதுன்னாரு. நடிக்காதீங்கன்னேன். அன்னிலேர்ந்து தட்டைத் தூக்கிக்கிட்டு அந்தாண்டை ரூம்ல போய்ச் சாப்பிடுவாரு. நானும் கூப்பிடல. இருபத்தஞ்சு வருஷம்.” அவள் குரலில் அழுகை இல்லை; கணக்குச் சரியா என்று பார்ப்பவளைப் போலப் பேசினாள். “ஆஸ்பத்திரியில, கடைசி வாரம், பக்கத்துல உக்காந்து சொன்னேன். ‘இப்பவாவது ஒத்துக்குங்க, நான் மன்னிச்சிடறேன்’னு. நான்! அவரை!”

“என்ன சொன்னார்?”

“என்னத்தைச் சொல்வாரு? எம்மூஞ்சியைப் பார்த்தாரு. அப்புறம் சுவர் பக்கமா திரும்பிப் படுத்துக்கிட்டாரு.”

தெருவில் யாரோ சைக்கிள் மணியை விடாமல் அடித்துக்கொண்டு போனார்கள். பெரியவர் ஸ்டூலிலிருந்து இறங்கித் தங்கையின் காலடியில் உட்காரப் போனார். கால் மடங்கவில்லை. தங்கை அவர் முழங்கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“அதெல்லாம் வேண்டாம். விழுந்து கிடந்தா எனக்குத் தூக்க முடியாது. நிமிர்ந்து நில்லு.”

நின்றார்.

“இது யாருக்கெல்லாம் தெரியும்?”

“உனக்கும் எனக்கும். பையன் ஊகிச்சிருப்பான்.”

“அவர் செஞ்சாருன்னு யாருக்கெல்லாம் தெரியும்?”

பெரியவர் மனதுக்குள் எண்ணிப் பார்த்தார். கம்பெனிக்குத் தெரியும். சொந்தத்துக்குத் தெரியும். மாப்பிள்ளை கையால் வேலை கற்ற டிகிரிக்குத் தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன் சேர்ந்த பாக்கெட் ஒட்டுகிற பெண்களுக்குக்கூடத் தெரியும்.

“அப்போ எங்கிட்ட சொன்னது பத்தாது,” என்றாள் தங்கை. “நாளைக்குப் பத்து மணிக்கு நான் அங்க வரேன். நீ அந்த மேஜையில, எல்லாரும் இருக்கறப்போ சொல்லு. டிகிரி இருக்கணும். உன் பையன் இருக்கணும். அந்த வக்கீல் பொண்ணும் இருக்கட்டும். அவர் பேரைச் சொல்லிச் சொல்லு.”

“வக்கீல் எதிர்ல சொன்னா வியாபாரமே...”

“தெரியும்.”

“அப்பா பேர், நம்ம குடும்பத்து...”

“அவரும் நம்ம குடும்பம்தான்.” அவள் கையெழுத்தில்லாத கடிதத்தை இரண்டாக மடித்து, கத்தரிக்கோல் இருக்கிற டிராயரில் போட்டு மூடினாள். பழைய பத்திரத்தை மட்டும் அவரிடம் திருப்பிக் கொடுத்தாள். “இதை நீயே எடுத்துட்டு வா. நான் கொண்டுவந்தா சண்டைக்கு வந்த மாதிரி இருக்கும்.”

“பாப்பா, வெள்ளிக்கிழமைக்குள்ள...”

“நாளைக்குப் பத்து மணி. வருவேன். நீ சொல்லலேன்னா நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன், பயப்படாதே. கேட்டுட்டுத் திரும்பிப் போயிடுவேன்.”

வருகிறேன் என்றோ சொல்கிறேன் என்றோ அவர் சொல்லவில்லை. படியிறங்கும்போது கைப்பிடியைத் தேடினார். அந்தக் கடைப் படிக்குக் கைப்பிடி கிடையாது. மேலே மெஷின் மறுபடி ஓடுகிறதா என்று ஒரு நிமிஷம் நின்று கேட்டார். ஓடவில்லை.

மாலை ஷிஃப்ட் மாறுவதற்குள் தொழிற்சாலையில் ஒரு பேச்சுக் கிளம்பிவிட்டது. தையல் கடை வாசலில் பெரியவர் மயங்கி விழுந்தார், டிரைவர்தான் தூக்கி வண்டியில் போட்டார், தங்கை தன் மூன்றில் ஒரு பங்கைத் திருப்பிக் கேட்டு வழக்குப் போடப்போகிறாள் என்று லாரிக்காரர்கள் வரை பேசினார்கள்.

அது உண்மை இல்லை. பெரியவர் விழவில்லை, தம் காலால் நடந்து போய்த்தான் வண்டியில் ஏறினார். வழக்கு என்ற சொல்லைத் தங்கை எடுக்கவே இல்லை. பங்கைப் பற்றி அவள் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை.